உறைக்குள் உறை: வீட்டுக்கு விபிஎன் வேண்டுமா?

கேள்வி: அஞ்சல் துறையில் 34 ஆண்டு வேலை பார்த்துத் துணை அஞ்சலக அதிகாரியாக ஓய்வுபெற்றவன் நான். கும்பகோணத்தில் வீடு, ஃபைபர் இணைப்பு. சின்ன மகள் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். பென்ஷன், வங்கி, கரண்ட் பில் எல்லாம் நான் செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறேன். யூடியூபில் எதைத் திறந்தாலும் 'விபிஎன் போடாவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கு காலி' என்கிறார்கள். இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாங்கினால் 80 சதவீதம் தள்ளுபடியாம், இன்று இரவோடு முடிகிறதாம். அக்கா மகனோ, 'காசு எதுக்கு மாமா, சும்மாவே கிடைக்குது' என்று என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டான். துபாயில் இருக்கும் மூத்த மாப்பிள்ளை, விபிஎன் இருந்தால்தான் வாட்ஸாப்பில் கூப்பிடவே முடிகிறது என்கிறார். இதை வாங்கலாமா? வாங்குவதென்றால் எதை? சட்டப்படி தப்பில்லையே?

பதில்: ஐயா, அக்கா மகன் போட்டுக்கொடுத்ததை முதலில் நிறுத்திவையுங்கள். காரணம் பின்னால் வருகிறது. தள்ளுபடிக்கும் அவசரப்பட வேண்டாம். 'இன்று இரவோடு முடிகிறது' என்று ஓடும் அந்தக் கடிகாரத்தை நான் ஏழெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

நெட்வொர்க் வேலையில் இருபது வருடம் ஓட்டியவன் நான். விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. விபிஎன் பற்றிக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் பதில் 'உங்களுக்குத் தேவைப்படாது' என்பதுதான். உங்களுக்கும் அதுவே. ஆனால் தபால் துறையில் இருந்தவரிடம் இதைச் சொல்வதில் ஒரு வசதி. மற்றவர்களிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டிய விஷயம், உங்களிடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு காலத்தில் இணையத் தளங்கள் எல்லாம் கார்டில்தான் எழுதிக்கொண்டிருந்தன. 50 காசு கார்டில் எழுதினால் பிரிப்பவர், தூக்கிப் போகிறவர், கொண்டுவந்து கொடுப்பவர் என யார் வேண்டுமானாலும் படிக்கலாம் அல்லவா, அந்தக் கதைதான். 2010-இல் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன நிரல் வந்தது. காபிக் கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் ஃபேஸ்புக்கைத் திறந்திருந்தால், உங்கள் கணினியில் அவர் பெயர் வந்து நிற்கும். அதைத் தட்டினால் அவர் கணக்குக்குள் நீங்களே போய் உட்கார்ந்துவிடலாம். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பெரிய தளங்கள் ஒவ்வொன்றாகக் கார்டை விட்டு ஒட்டிய உறைக்கு மாறின. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்த உறையை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்ததும் சின்னத் தளங்களும் மாறிவிட்டன. முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் என்று வருகிறதே, அதுதான் அந்த உறை. விபிஎன் விளம்பரக்காரர்கள் மட்டும் இன்னும் 2010-லேயே இருக்கிறார்கள்.

உங்கள் வங்கி ஆப் அனுப்புவதும் பெறுவதும் எல்லாமே ஒட்டிய உறையில்தான். நடுவில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. 'ராணுவத் தரக் குறியாக்கம்' என்று விளம்பரத்தில் அடித்துச் சொல்கிறார்களே, அந்த ஏஇஎஸ் பூட்டைத்தான் உங்கள் வங்கியும் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறது. பணம் போவது வேறு வழியில். வாட்ஸாப்பில் 'உங்கள் வண்டிக்கு அபராதச் சலான்' என்று ஓர் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், வரும், நாம் திறப்போம். கேஒய்சி காலாவதி என்று போன் வரும், ஓடிபியைச் சொல்லிவிடுவோம். உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்று காக்கிச் சட்டையோடு ஒருவன் வீடியோவில் மிரட்டுவான். இவை எதையும் விபிஎன் தடுக்காது. கதவை உள்ளிருந்து நாமே திறந்துவிடும்போது தெருவில் காவல் போட்டு என்ன பயன்? இப்படி ஏதாவது நடந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930. அதை வேண்டுமானால் போனில் இப்போதே பதிந்துவையுங்கள்.

அப்படியானால் இணைய நிறுவனத்துக்கு, அதாவது உங்களுக்கு ஃபைபர் கொடுத்தவருக்கு, எதுவுமே தெரியாதா? தெரியும். உறைக்குள் இருப்பது தெரியாது. உறைமேல் எழுதிய விலாசம் தெரியும். இன்ன வீட்டிலிருந்து இன்ன நேரத்தில் இன்ன வங்கித் தளம், இன்ன மருத்துவமனைத் தளம், இன்ன வேலைவாய்ப்புத் தளம் என்று அவர் பார்க்கலாம். ஒரு பீட்டில் வருடக்கணக்கில் தபால் கொடுத்தவருக்கு எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது, எந்த வீட்டுப் பையனுக்கு இன்டர்வியூ கார்டு வருகிறது என்று உறையைப் பிரிக்காமலே தெரிந்திருக்கும். உங்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

விபிஎன் செய்கிற வேலை இங்கேதான் வருகிறது. உங்கள் உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, அதன்மேல் சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் விலாசத்தை எழுதி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளி உறையைக் கிழித்து, உள்ளே இருக்கும் உறையைத் தன் பெயரில் அங்கே தபாலில் சேர்க்கிறார். பதிலும் அவருக்கே வந்து, அதே மாதிரி பெரிய உறையில் உங்களுக்குத் திரும்புகிறது. கும்பகோணம் தபால்காரருக்குத் தெரிவதெல்லாம், இந்த வீட்டுக்காரர் ஓயாமல் சிங்கப்பூருக்கு எழுதுகிறார் என்பது மட்டும். கடிதம் கிடைத்தவரும் இது சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றே நினைப்பார்.

சரி, அந்தச் சிங்கப்பூர்க்காரருக்கு என்ன தெரியும்? உள்ளுறை விலாசம் எல்லாமே தெரியும். யார் அனுப்பினார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று நேற்றுவரை உங்கள் இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றிலிருந்து அவர் பார்க்கிறார். தெரிந்துகொள்ளும் ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். ஆகவே 'எந்த விபிஎன் நல்லது' என்று கேட்பதற்கு முன்னால், 'என் தபால்காரரைவிட இந்த முகம் தெரியாத ஆளை நான் ஏன் அதிகம் நம்ப வேண்டும்' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் உங்கள் பெயரில் நுழைந்துதானே இருக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் எந்த ஊர் உறையில் வந்தாலும் நீங்கள்தான்.

இப்போது அக்கா மகன் விஷயம். சர்வர்கள் என்னும் பெரிய கணினிகளை ஆயிரக்கணக்கில் ஊர் ஊராக வாடகைக்கு எடுத்து, கோடிக்கணக்கான பேருடைய வீடியோவைத் தூக்கிச் சுமப்பதற்கு நிறையச் செலவாகும். வாடிக்கையாளர் தரவில்லை என்றால் அந்தக் காசு வேறு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 2015-இல் ஹோலா என்ற இலவச விபிஎன் மாட்டிக்கொண்டது. அதைப் போட்டவர்களின் இணைய இணைப்பையே அது வேறு நிறுவனங்களுக்கு விலைக்கு விட்டுக்கொண்டிருந்தது. ஒனாவோ என்று இன்னொன்று. 'உங்கள் தகவலைக் காக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு வந்த அந்த ஆப்பை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. மக்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று போட்டி நிறுவனங்களை வேவு பார்க்க அதைப் பயன்படுத்தியது. 2018-இல் ஆப்பிள் அதைத் தன் கடையிலிருந்து எடுக்கவைத்தது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை உடைத்த 911 எஸ்5 என்ற கும்பல். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் என்று கணினிக்கான இலவச விபிஎன்கள் சிலவற்றை அவர்களே தயாரித்துப் பரப்பினார்கள். அதைப் போட்டவர் கணினி, அவருக்கே தெரியாமல், திருடர்களுக்கு வாடகை வீடாகிவிடும். எங்கோ இருக்கும் ஒருவன் உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய எண் விலாசத்திலிருந்து, ஒரு மோசடியைச் செய்வான். போலீஸ் விசாரித்துப் பார்த்தால் உங்கள் வீட்டு விலாசம் வரும். இப்படி உலகம் முழுக்க 1.9 கோடி ஐபி முகவரிகளை அவர்கள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். நீங்கள் அனுப்பாத மொட்டைக் கடுதாசியில் அனுப்புநர் விலாசமாக உங்கள் வீடு இருந்தால் எப்படி இருக்கும்? எல்லா இலவச விபிஎன்னும் இப்படியல்ல. ஆனால் பெயர் தெரியாத ஒன்றை, நாலு நட்சத்திரம் இருக்கிறது என்பதற்காகப் போட்டுக்கொள்வதைவிட எதுவும் போடாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

காசு வாங்குகிறவர்கள் எல்லாம் யோக்கியர்களா என்றால், அதுவும் சொல்ல முடியாது. 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்று எல்லாருமே போடுகிறார்கள். அதைச் சோதிக்க உறுதியான வழி, போலீஸ் வந்து கேட்டபோது என்ன நடந்தது என்று பார்ப்பதுதான். 2017-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துரத்தித் துன்புறுத்திய வழக்கில், பதிவு வைப்பதில்லை என்று சொல்லிவந்த பியூர்விபிஎன்னின் பதிவுகள்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தன. அவன் மாட்டியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாடிக்கையாளருக்குச் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. எதிர்ப்பக்கமும் உண்டு. 2017-இல் துருக்கிப் போலீசார், ரஷ்யத் தூதர் கொலை விசாரணைக்காக எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரையே கைப்பற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் போலீசார் முல்வாட் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வாரண்டோடு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அப்படியானால் விமர்சனத் தளங்களைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். அங்கேயும் ஒரு வேடிக்கை. கேப் டெக்னாலஜிஸ் என்றொரு நிறுவனம், முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் விளம்பர நிரல் தொழிலில் இருந்தது. அது சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், எக்ஸ்பிரஸ்விபிஎன் என்று ஒவ்வொன்றாக வாங்கியது. 2021-இல், விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் தளங்களை நடத்திய நிறுவனத்தையும் சேர்த்தே வாங்கிவிட்டது. ஓட்டல்காரரே பத்திரிகையில் 'ஊரில் சிறந்த ஓட்டல்' என்று பட்டியல் போடுகிற மாதிரி. நார்டுவிபிஎன்னும் சர்ஃப்ஷார்க்கும்கூட 2022-இலிருந்து ஒரே குடும்பம்தான். யூடியூபர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். அவர்கள் தரும் கூப்பன் எழுத்தில் நீங்கள் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் பொதுவாக வீட்டில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. அதை வைத்துக்கொண்டு குற்றம் செய்தால் குற்றம். ஆனால் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் விற்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த விலாசம், தொலைபேசி, ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காக வாங்கினார் என்ற விவரம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் விலகிய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. பெரிய நிறுவனங்கள் பல இந்தியாவில் இருந்த சர்வர்களையே மூட்டை கட்டிவிட்டன. இப்போது அவர்கள் ஆப்பில் 'இந்தியா' என்று தேர்ந்தெடுத்தால் இந்திய ஐபி முகவரி கிடைக்கும். சர்வர் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும். 2025 தொடக்கத்தில் அரசு உத்தரவின் பேரில் சில விபிஎன் ஆப்கள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, அடுத்த மாதம் ஆப்பையே காணோம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

மாப்பிள்ளை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-இன் 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஐபி முகவரியை மறைத்து ஒரு குற்றம் செய்தாலோ, குற்றம் வெளியே தெரியாதபடி மறைத்தாலோ சிறை, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம்வரை அபராதம். அங்கே கம்பெனிகள் அலுவலக வேலைக்கு விபிஎன் வைத்திருப்பது சாதாரணம். ஆனால் அங்கே தடைசெய்திருக்கும் வாட்ஸாப் அழைப்பைத் திறப்பதற்காகப் போடுவது அந்தச் சட்டத்தின் வாசற்படியில் போய் நிற்பது மாதிரி. பக்கத்து அறைக்காரர் போட்டிருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதெல்லாம் வாதமாகாது. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன. அதை உங்கள் போனிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். பேத்தி முகத்தை அதிலேயே பார்க்கலாம்.

சின்ன மகளுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு விபிஎன் கொடுத்திருப்பார்கள். பெயர் ஒன்றே தவிர அது வேறு ஜாதி. அவள் மடிக்கணினியிலிருந்து கம்பெனியின் உள் சர்வருக்குப் போகும் தனிப் பாதை அது. அவர்கள் வீட்டுக் கதவுக்கு அவர்கள் கொடுத்த சாவி. சர்ட்-இன் உத்தரவும் அந்த வகைக்குப் பொருந்தாது என்று அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. அதே கணினியில் நீங்கள் வாங்கும் விபிஎன்னையும் போட்டால் இரண்டும் மல்லுக்கு நிற்கும், கம்பெனியின் ஐடி பிரிவும் கேள்வி கேட்கும். அதைத் தொடவே வேண்டாம்.

இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால், ஒவ்வொரு போனிலும் தனித்தனியாக எதற்கு என்று வீட்டு ரவுட்டரிலேயே விபிஎன்னை ஏற்றிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அப்பா, பென்ஷன் தளம் திறக்கவில்லை என்றார். நம் அரசுத் தளங்கள் சில வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் கதவையே திறக்காது. ஐந்தாம் நாள் அவருடைய நெட் பேங்கிங் முடங்கியது. காலையில் நம் ஊரில் இருந்த வாடிக்கையாளர் மத்தியானம் நெதர்லாந்தில் இருந்தால் வங்கிக்குச் சந்தேகம் வராதா? வெயிலில் பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்று வந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அன்று சாயங்காலமே ரவுட்டரிலிருந்து எடுத்துவிட்டேன்.

வேகமும் கொஞ்சம் குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கடியில் 2002-இலிருந்து ஐ2ஐ என்ற கேபிள் ஓடுகிறது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக ஒரு தடவை கடலைத் தாண்ட 16 மில்லி நொடி. நீங்கள் சிங்கப்பூர் சர்வர் வழியாகச் சென்னையில் இருக்கும் ஒரு தளத்தைப் பார்த்தால், கேள்வி கடலைத் தாண்டிப் போய், மறுபடி சென்னைக்கு வந்து, பதில் திரும்பவும் சிங்கப்பூர் போய், அங்கிருந்து உங்களிடம் வர வேண்டும். நாலு தடவை கடல். 64 மில்லி நொடி சும்மாவே போயிற்று. செய்தி படிக்கும்போது இது தெரியாது. வீடியோ அழைப்பில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவோமே, அது கூடும்.

எதற்குத்தான் இது உதவும் என்று கேட்டால், உதவும் இடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணத்தில் இந்திய ஐபி முகவரி வேண்டியிருக்கும்போது, லாட்ஜ் வைஃபையில் நாம் எந்தத் தளம் பார்க்கிறோம் என்பது லாட்ஜ்காரருக்குத் தெரிய வேண்டாம் என்னும்போது, பத்திரிகையாளர் ஒருவர் தன் தேடலை இணைய நிறுவனத்திடமிருந்து மறைக்க வேண்டும் என்னும்போது. 'என் இணைய நிறுவனம் என் விலாசக் கணக்கை வைத்திருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை' என்பதும் நியாயமான காரணம்தான். அதைக் கேலி செய்ய மாட்டேன். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

அப்படியும் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றினால் நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். முல்வாட் பல வருடமாக மாதம் 5 யூரோ என்ற ஒரே விலையில் நிற்கிறது. தள்ளுபடியும் இல்லை, கடிகாரமும் இல்லை. மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை, 16 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும், அதுவே கணக்கு. எப்போதாவது லாட்ஜில் தங்கும்போது மட்டும் போதுமென்றால் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன்னில் இலவசத் திட்டம் இருக்கிறது. காசு கட்டும் வாடிக்கையாளர்களின் பணத்தில் அது ஓடுகிறது என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய ஆப்களின் மூல நிரலும் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. எந்தச் சர்வர் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அவ்வளவுதான். வேறு எதைப் பார்த்தாலும், கம்பெனியின் சொந்தக்காரர் யார், எந்த நாட்டில் பதிவு, வெளியாள் தணிக்கை நடந்ததா என்பது அவர்கள் தளத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகிறது என்றால் அதுவே பதில்.

ஆப்பின் செட்டிங்ஸில், வெளி உறை போடும் முறைகளில் வயர்கார்டு என்ற வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரலிலேயே சேர்க்கப்பட்ட முறை அது. நாலாயிரம் வரி அளவுக்குள் எழுதியது என்பதால் தவறு கண்டுபிடிப்பதும் சுலபம், போன் பேட்டரியையும் அதிகம் தின்னாது. பிபிடிபி என்று ஒரு பழைய வகை இருந்தால் அந்தக் கடையை விட்டே வெளியே வந்துவிடுங்கள். கில் சுவிட்ச் என்பதையும் போட்டுவையுங்கள். விபிஎன் நடுவில் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும், இல்லாவிட்டால் உறை இல்லாமல் விலாசம் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும்.

வாங்கியதும் ஒரு சோதனை. விபிஎன்னைப் போட்டுவிட்டு டிஎன்எஸ் லீக் டெஸ்ட் (டிஎன்எஸ் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்) என்று தேடி வரும் தளத்தைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் வந்தால் விபிஎன் ஒழுகுகிறது என்று அர்த்தம். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். ஜியோ போன்ற இணைப்புகளில் புதிய வகை ஐபிவி6 முகவரிதான் பெரும்பாலும் ஓடுகிறது. மட்டமான விபிஎன் பழைய வகையை மட்டும் உறைக்குள் போடும். புதிய வகை பாட்டுக்கு நேர் வழியில் போய்க்கொண்டிருக்கும். விபிஎன் ஓடுவதைக் காட்டும் சாவிப் படம் திரைக்கு மேலே தெரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

பணம் கட்டும்போது 'தானாகப் புதுப்பி' என்பதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2019-இல், தள்ளுபடியில் வாங்கி நான் மறந்தே போயிருந்த ஒரு விபிஎன், இரண்டு வருடம் முடிந்ததும் முழு விலையை என் கார்டிலிருந்து உருவிக்கொண்டது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். 80 சதவீதத் தள்ளுபடி முதல் தடவைக்கு மட்டும்தான் என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

காசில்லாமல் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்பது டிஎன்எஸ். பின்கோடு புத்தகத்தைப் புரட்டுகிற வேலை. அந்தக் கேள்வி பெரும்பாலும் இன்னும் கார்டில்தான் போகிறது. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்ட போன்களில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும். அங்கே டிஎன்எஸ், புள்ளி, கூகுள் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் அந்தக் கேள்வியும் உறைக்குள் போய்விடும். இதிலும் தெரிந்துகொள்ளும் ஆள் கூகுளாக மாறுகிறார் என்பது வேறு விஷயம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு அது ஒன்றும் புதிதல்ல. கூடவே, ரவுட்டர் பொருத்த வந்த பையன் வைத்துவிட்டுப் போன 'அட்மின்' கடவுச்சொல் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் போனில் இருக்கும் அந்த இலவச ஆப்பை எடுப்பது. ஆப்பை அழித்தால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் விபிஎன் பகுதிக்குப் போய் அதன் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தால் அங்கேயும் நீக்குங்கள். திரைக்கு மேலே இருந்த சாவிப் படம் போயிருக்க வேண்டும். பிறகு அக்கா மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எங்கிருந்து இறக்கினான்? பிளே ஸ்டோரிலிருந்து என்றால் இத்தோடு விட்டுவிடலாம். வாட்ஸாப்பிலோ டெலிகிராமிலோ யாரோ அனுப்பிய ஃபைல் என்றால், செட்டிங்ஸின் அக்சசிபிலிட்டி பகுதியில், திரையைப் படித்துப் போனை இயக்க எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தெரியாத பெயரையெல்லாம் நிறுத்திவிட்டு, போனை முழுசாக ரீசெட் செய்யுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். ரீசெட் முடியும்வரை பொறுக்காமல், கடவுச்சொல்லை மகளின் போனிலிருந்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.